பரவாயில்லை என்றால் இரண்டு

குளியலறையில் ஏதோ உருண்டது. வாளியாக இருக்கும் என்று நினைத்து, பட்டதாரி தலையை நிமிர்த்தாமல் தேநீரை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் அவளுக்குப் பெயரே அதுதான். குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் என்பதால் சித்தப்பா கிண்டலாக வைத்தது. அம்மா அதைப் பெருமையாக எடுத்துக்கொண்டு, சண்டை போடும்போதுகூட அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டாள்.

அப்புறமும் தண்ணீர்ச் சத்தம் வரவில்லை. கதவைத் தள்ளிப் பார்த்தால், அம்மா ஈரத்தரையில் சுவரோடு சாய்ந்து, பஸ்ஸுக்குக் காத்திருப்பவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள். நெற்றியில் கோலிக்குண்டு அளவுக்கு வீக்கம்.

"என்னம்மா ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. வாளி தடுக்கிச்சு."

"வாளி அந்த மூலைல இருக்கு. நீ இந்த மூலைல இருக்க. தானா வந்து தடுக்கிட்டுத் திரும்பிப் போயிடுச்சா?"

"போலீஸ் மாதிரி கேக்காத. கையக் குடு."

தூக்கி நிறுத்தும்போது அம்மாவின் சட்டைக் கை மேலே ஏறியது. முழங்கைக்குக் கீழே, பொருக்குத் தட்டிய ஒரு சூட்டுக்காயம். இஸ்திரிப் பெட்டியின் மூக்கு எப்படியோ அப்படியே முக்கோணமாக இருந்தது. அம்மா சலவைக் கடையில் நாள் முழுக்க நின்றபடி துணி தேய்ப்பவள். கைக்குட்டையைக்கூட விரல் படாமல் மடித்துத் தேய்க்கிற கை அது. அந்தக் கையிலா சூடு?

"இது எப்பம்மா?"

"லேசா பட்டுடுச்சு. பரவாயில்ல. நீ கிளம்பு, வேலைக்கு நேரமாச்சு."

பட்டதாரி கிளம்பவில்லை. அலுவலகத்துக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு, துணியில் ஐஸ் கட்டியைச் சுற்றி அம்மாவின் நெற்றியில் வைத்தாள். அந்த நேரம் பார்த்து அம்மாவின் செல்போன் அடித்தது. அந்த போனில் காதில் வைத்துக் கேட்கும் ஸ்பீக்கர் செத்து வெகுகாலமாகிறது. யார் கூப்பிட்டாலும் ஊருக்கே கேட்கும்படிதான் பேச வேண்டும்.

"வணக்கம்மா! ஆஸ்பத்திரி ஆய்வுப் பிரிவுலேர்ந்து பேசறேன். மாத்திரை மாத்தினதுக்கப்புறம் தலைசுத்தல் எல்லாம் எப்படிம்மா இருக்கு?"

பட்டதாரிக்குக் கை அப்படியே நின்றது. அந்தக் குரலை அவளுக்குத் தெரியும். பக்கத்து நாற்காலிக் குரல். தினமும் ஒரே டப்பாவில் கைவிட்டுச் சாப்பிடுகிறவளின் குரல். வாய் மூடாமல் பேசுவதால் அலுவலகம் முழுக்க அவளை ரேடியோ என்றுதான் கூப்பிடுவார்கள்.

அம்மா நெற்றியில் ஐஸ் துணியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்டச் சொன்னாள்: "பரவாயில்லம்மா."

"ரொம்ப சந்தோஷம்மா! மாத்திரைய விடாம சாப்பிடறீங்கல்ல?"

"சாப்பிடறேன் கண்ணு."

"சரிம்மா, உடம்பப் பாத்துக்கோங்க."

அவ்வளவுதான். கொட்டாவி விடுகிற நேரம்கூட ஆகவில்லை. அம்மா போனைக் கட்டிலில் போட்டுவிட்டு, "நல்ல பொண்ணு. மாசாமாசம் மறக்காம விசாரிக்குது" என்றாள்.

பட்டதாரி அடித்து வைத்த மாதிரி நின்றாள். அம்மா சொன்ன அந்தப் 'பரவாயில்ல' இப்போது எந்த வழியாக எங்கே போய்ச் சேரும் என்பது அவளைவிடச் சரியாக யாருக்கும் தெரியாது. கொண்டுபோய்ச் சேர்ப்பவளே அவள்தான். ரேடியோ தன் கணினியில் ஒரு எண்ணைத் தட்டுவாள். ஒன்று என்றால் நல்ல குணம், இரண்டு என்றால் ஓரளவு குணம், மூன்று என்றால் மாற்றமில்லை, நான்கு என்றால் மோசம். பேச முடியாமல் போனால் ஒன்பது. பட்டதாரி அந்த எண்களையெல்லாம் கூட்டி, வகுத்து, அட்டவணை போடுவாள். பெயர் இருக்காது, ஊர் இருக்காது, வெறும் எண். இரத்தக் கொதிப்புக்குப் புது மாத்திரைக்கு மாறியவர்களுக்கு என்ன ஆகிறது என்று, அவர்களைக் கூடவே இருந்து கவனிக்கிற ஆய்வு அது. புதிதாக எதுவும் செய்து பார்ப்பதில்லை. நடப்பதைப் பார்த்து எழுதுவதோடு சரி.

பார்த்து எழுதுவதாம்! யார் பார்த்தது?

"நீ எப்பம்மா இந்த மாத்திரைக்கு மாறின?"

"மருந்து குடுக்கற எடத்துல ஒரு பொண்ணு கையெழுத்து கேட்டுச்சு. போட்டேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ வேலை பாக்கற எடந்தானே. நல்லதுக்குத்தான் இருக்கும்னு நெனச்சேன்."

"தலை சுத்துதா இல்லையா? ஒழுங்கா சொல்லு."

அம்மா ஐஸ் துணியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள். "காலைல எழுந்தா சுத்தும். நின்னா சுத்தும். கடைல அன்னிக்குக் கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சு, கை பொட்டி மேல போயிடுச்சு. அந்தப் பொண்ணு பாவம், எத்தன பேருக்குக் கூப்பிடணுமோ. அதுங்கிட்ட என் கதையெல்லாம் சொல்லிட்டிருக்க முடியுமா? அதுவுமில்லாம, உன் ஆபீஸாச்சே. நம்மளால உனக்கு ஒரு கெட்ட பேரு வரக் கூடாதுல்ல?"

அன்று மாலையே பட்டதாரி அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், அங்கிருந்த டாக்டரிடம் காட்டி, பழைய மாத்திரைக்கே மாற்றிவிட்டு வந்தாள். அம்மா தப்பித்தாள். ஆனால் அதோடு விஷயம் முடியவில்லை. ஆய்வறிக்கை மறுநாள் மத்தியானம் ஆய்விதழுக்குப் போகிறது. 'பெரும்பாலானோருக்குத் தலைசுற்றல் குறைந்தது' என்பதுதான் அதன் முதல் வரி. அதை எதிர்பார்த்துத்தான் மற்றக் கிளை ஆஸ்பத்திரிகளும் இந்த மாத்திரைக்கு மாறக் காத்திருந்தன.

*

"நான் என்னடி பண்ணுவேன்? பரவாயில்லன்னா ரெண்டு. அப்படித்தான் சொன்னாங்க," என்றாள் ரேடியோ.

"யாரு சொன்னாங்க?"

"ஆரம்பத்துலயே கேட்டேனே! எல்லாரும் பரவாயில்ல பரவாயில்லன்றாங்க, எதுல போடறதுன்னு. யாரோ சொன்னாங்க, ரெண்டுல போடுன்னு."

"யாரோன்னா யாரு?"

ரேடியோ யோசித்தாள். முகத்தைச் சுளித்து, கூரையைப் பார்த்து, உண்மையாகவே யோசித்தாள். "தெரியலடி. நடந்து போயிட்டே யாரோ சொன்னாங்க."

நடந்து போய்க்கொண்டே! யாருமே தீர்மானிக்காத ஒரு தீர்மானம். அதன் மேல் ஒரு வருஷ வேலை, அட்டவணை, படம், முடிவுரை எல்லாம் வரிசையாக ஏறி உட்கார்ந்திருந்தன.

"நேத்து நீ கூப்பிட்டியே, 'சாப்பிடறேன் கண்ணு'ன்னு ஒரு அம்மா சொன்னாங்களே, ஞாபகம் இருக்கா? அது எங்கம்மா. குளியலறைல விழுந்து, நெத்தி வீங்கி, ஐஸ் வெச்சுக்கிட்டுப் பேசினாங்க. என்ன போட்ட?"

ரேடியோவின் வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. அவள் பேசாமல் இருந்து பட்டதாரி பார்த்ததே கிடையாது.

"ரெண்டு," என்றாள் கடைசியில், தன் கணினியைப் பார்த்தபடி.

*

ஆய்வின் தலைவரை முதுகுக்குப் பின்னால் கமா டாக்டர் என்பார்கள். எந்த அறிக்கையைக் கொடுத்தாலும் கமா போட வேண்டிய இடத்தைத்தான் முதலில் பார்ப்பார். கெட்டவர் இல்லை. சொன்ன நேரத்துக்கு வருவார், யாரையும் 'நீ வா போ' என்று விரட்ட மாட்டார், பட்டதாரிக்கு வேலை போட்டுக் கொடுத்ததே அவர்தான். அதனாலேயே அவர் அறைக்குள் நுழையும் முன் சொல்ல வேண்டியதை ஒரு முறை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

"வாங்க வாங்க. ஆய்விதழ்காரங்க ஒரு பட்டியல் அனுப்பிருக்காங்க. ஒவ்வொரு கேள்விக்கும் நம்ம அறிக்கைல எந்தப் பக்கத்துல பதில் இருக்குன்னு பக்க எண் போடணும், அவ்வளவுதான். சும்மா சம்பிரதாயம். போட்டுக் குடுங்க, அனுப்பிடலாம்."

அவள் பட்டியலை வாங்கிப் பார்த்தாள். யாரைச் சேர்த்தீர்கள், யாரை விட்டீர்கள்? விளைவை எப்படி அளந்தீர்கள், யார் கேட்டார்கள், என்ன சொல்லிக் கேட்டார்கள்? பாதியில் தொடர்பு விட்டுப்போனவர்கள் யார், ஏன்? கேள்விகள் சாதாரணமாகத்தான் இருந்தன. வீட்டுக்குத் தாமதமாக வந்தால் அம்மா கேட்பாளே, அந்த மாதிரி.

"சார், எப்படி அளந்தோம்ன்றதுக்கு என்ன பக்கம் போடறது?"

"நாலாம் பக்கம். 'தொலைபேசி வழியாக விசாரிக்கப்பட்டது'ன்னு இருக்கே."

"விசாரிச்சோம். அவங்க என்ன சொன்னாங்கன்னு எங்க இருக்கு? பரவாயில்லன்னு சொன்னாங்க சார். பாதிக்கு மேல அதத்தான் சொன்னாங்க. அதை நாம ஓரளவு குணம்னு எழுதி, நல்ல குணத்தோட சேர்த்துக் கூட்டி, தலைசுத்தல் குறைஞ்சதுன்னு முதல் வரில போட்டிருக்கோம். அந்தச் சொல் எந்தப் பக்கத்துலயும் இல்ல."

முந்தின நாள் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அம்மா இப்ப எப்படி இருக்காங்க?"

"மாத்திரைய மாத்திட்டேன்."

"நல்லது. பாருங்க, உங்க வருத்தம் எனக்குப் புரியுது. ஆனா அவங்க ஒருத்தர். ஒருத்தர வெச்சு ஒரு ஆய்வ நிறுத்த முடியாது. உங்க வீட்ல நடந்ததால உங்களுக்கு எல்லாமே அப்படித் தெரியுது. இது மனுஷ இயல்பு."

பட்டதாரிக்குக் காது சூடேறியது. மனுஷ இயல்பாம்! படித்த வாய்க்குத்தான் எத்தனை மெத்தென்று அறையத் தெரிகிறது. கத்திவிடலாமா என்று நினைத்தாள். கத்தினால் 'உணர்ச்சிவசப்படுறா' என்று கதையை முடித்துவிடுவார். பல்லைக் கடித்துக்கொண்டு வேறொன்று கேட்டாள்.

"சார், போன மாசம் இந்த அறிக்கையோட முதல் வரைவ எழுதிக் குடுத்தேன். படிச்சுட்டு என்ன சொன்னீங்க, ஞாபகம் இருக்கா?"

"என்ன சொன்னேன்?"

"பரவாயில்லன்னீங்க. நான் போய் அத்தனையையும் கிழிச்சுப் போட்டுட்டு முதல்லேர்ந்து எழுதினேன். ஏன் சார் எழுதினேன்? நீங்க சொன்னது ஓரளவு குணம்னு அர்த்தமா?"

அவர் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதி வழியில் நின்றுவிட்டது. துடைத்த கண்ணாடியை மாட்டிக்கொள்ள மறந்து கையிலேயே வைத்திருந்தார்.

"இல்ல... அது மோசமாத்தான் இருந்துச்சு," என்றார் மெதுவாக. "நேரடியா சொன்னா மனசு கஷ்டப்படுவீங்களேன்னு..."

அவர் முகத்தில் மெல்ல மெல்ல ஏதோ இறங்குவதைப் பட்டதாரி பார்த்தாள். கால் வைத்த படி அங்கே இல்லை என்று தெரியும்போது மனிதன் முகம் அப்படித்தான் ஆகும்.

"அந்த ரேடியோவ வரச் சொல்லுங்க," என்றார். பட்டதாரி விழித்ததைப் பார்த்து, "எனக்கு என்ன பேரு வெச்சிருக்கீங்கன்னும் தெரியும். முதல்ல கூப்பிடுங்க."

*

மூன்று பேரும் அவர் மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். நடுவில் ஸ்பீக்கரில் போன். இரண்டு என்று பதிவானவர்களிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு எடுப்பது, முதலில் எப்போதும் கேட்கிற கேள்வியையே கேட்பது, அப்புறம் 'விழுந்தீங்களா' என்று நேராகக் கேட்பது. ஏற்பாடு அதுதான்.

முதலில் ஒரு அம்மாள். "பரவாயில்லம்மா" என்றார். விழுந்தீங்களா என்று ரேடியோ கேட்டதும், "பஸ் ஏறும்போது விழுந்தேன். பரவாயில்ல, பல்லு ஒண்ணுதான் போச்சு. அது ஏற்கெனவே ஆடிட்டிருந்த பல்லுதான்" என்றார்.

அடுத்தது ஒரு கடைக்காரர். "எனக்கு ஒண்ணுமே இல்லம்மா. முன்னாடி சுத்தும், இப்ப சுத்தமா நின்னுபோச்சு." கமா டாக்டர் நாற்காலியில் நிமிர்ந்தார். நல்லது நடந்தவர்களும் இருக்கத்தான் செய்தார்கள். அதை மறைத்தாலும் பொய்தான் என்று பட்டதாரி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள், பிடிக்காமல்.

அதற்கடுத்த பெண் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் வீட்டுக்குள் நடக்கிறாராம். "நீங்க இதக் கேக்கவே இல்லையேம்மா. எப்படி இருக்குன்னுதானே கேப்பீங்க?"

டாக்டர் மறுபடி நாற்காலியில் சரிந்தார். பின்பு தலையை நிமிர்த்தி, "ஒன்பது போட்டவங்கள்ல ஒருத்தர எடுங்க" என்றார்.

ரேடியோ ஒரு எண்ணைத் தேர்ந்தாள். "இந்த அம்மா முன்னாடியெல்லாம் ரெண்டு சார். நல்லா பேசுவாங்க. அப்புறம் போனே எடுக்கல." எண்ணை அழுத்தினாள். வெகுநேரம் அடித்து, ஒரு வயதான ஆண் குரல் எடுத்தது.

"வணக்கம் ஐயா, ஆஸ்பத்திரி ஆய்வுப் பிரிவுலேர்ந்து பேசறேன். அம்மா இருக்காங்களா?"

"அவ இல்லம்மா."

"எப்ப வருவாங்க?"

"மாடிப்படில விழுந்துட்டா. துணி காயப்போடப் போனவ. அதுக்கப்புறம் கண்ணே தொறக்கல." கொஞ்சம் நிறுத்தினார். "நீதானம்மா மாசாமாசம் பேசுவ? குரல் தெரியுது. நீ கூப்பிடும்போதெல்லாம் நான் பக்கத்துலதான் இருப்பேன். பரவாயில்லன்னுதான் சொல்லுவா. எங்கிட்டயும் அதையேதான் சொன்னா."

ரேடியோ போனைப் பார்த்தபடி இருந்தாள்.

"அம்மா... அந்த மாத்திரை இன்னும் ஒரு அட்டை மிச்சம் இருக்கு. அதத் திருப்பிக் குடுக்கணுமா?"

கமா டாக்டர் கையை நீட்டி, போனைத் தன் பக்கம் இழுத்து, "வேண்டாம் ஐயா. நானே வந்து உங்களப் பாக்கறேன்" என்றார். அவர் குரலை அவருக்கே அடையாளம் தெரிந்திருக்காது.

போன் அணைந்த பிறகு ரேடியோ முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். பட்டதாரியின் தலைக்குள் வாளி உருண்ட சத்தம் திரும்பத் திரும்பக் கேட்டது. உருண்டது வாளி இல்லை என்று தெரிந்துகொள்ள அவளுக்கு எத்தனை வாய் தேநீர் ஆனது?

"மாத்திரையாலதான் விழுந்தாங்கன்னு சொல்ல முடியாது," என்றார் டாக்டர். தப்பிக்கிற குரல் இல்லை. தரை எங்கே இருக்கிறது என்று காலால் தடவிப் பார்க்கிற குரல்.

"முடியாது சார். மாத்திரையால இல்லன்னும் சொல்ல முடியாது. ஆனா நாம சொல்லிருக்கோம். தொடர்பு விட்டுப்போச்சுன்னு ஒரே வார்த்தைல அந்த அம்மாவ மூடிட்டோம்."

அவர் ஆய்வறிக்கையைக் கணினியில் திறந்தார். அவள் கண்முன்னாலேயே முதல் வரியைத் தேர்ந்து அழித்தார். கமாவைத் தொடவில்லை. அடுத்து ஆஸ்பத்திரி நிர்வாகத்துக்குக் கூப்பிட்டு, மாத்திரை மாற்றுவதை நிறுத்தச் சொன்னார். மறுமுனையில் யாரோ கத்துவது பட்டதாரிக்குக் கேட்டது. "ஆமா, தெரியும். ஆமா, என் பொறுப்புதான்," என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார்.

*

ஆய்வில் இருக்கும் எல்லோரையும் மறுபடி கூப்பிடுவது என்று முடிவானது. என்ன சொல்லிக் கேட்கிறோம் என்பதை வார்த்தை வார்த்தையாக அறிக்கையில் போட வேண்டும். பரவாயில்லை என்பதை எந்த எண்ணுக்கும் மாற்றாமல் அப்படியே எழுத வேண்டும். பேச முடியாதவர்களுக்கு என்ன ஆனது என்று வீடு தேடிப் போய்க் கேட்க வேண்டும். முதலில் எப்படித் தவறாகக் கேட்டோம் என்பதையும் ஒரு பத்தி எழுத வேண்டும். அந்தப் பத்தியைப் பட்டதாரிதான் எழுதினாள். எழுத எழுதக் கோபம் வந்தது. தணியவில்லை, வந்துகொண்டே இருந்தது. யார் மேல் என்று தெரிந்தாலாவது தேவலை.

அம்மாவின் முறை வந்தபோது ரேடியோ தலையை நிமிர்த்தி, "நீ வெளில போ" என்றாள்.

"எங்கம்மாடி!"

"அதுக்குத்தான் போகச் சொல்றேன். நீ பக்கத்துல இருந்தா அவங்க உண்மையச் சொல்லுவாங்களா? நீதானே எழுதி வெச்ச, சொந்தக்காரங்க கூட இருக்கக் கூடாதுன்னு?"

எழுதி வைத்தது அவள்தான். வாயை மூடிக்கொண்டு வெளியே போய்க் கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றாள். ரேடியோ போனில் ஏதோ கேட்டாள். பிறகு தட்டச்சு செய்ய ஆரம்பித்தாள். நிறுத்துவாள் நிறுத்துவாள் என்று பார்த்தால் நிறுத்தவே இல்லை. ஊருக்கே பேசுகிற அந்த வாய் மூடிக்கிடக்க, விரல்கள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன. ஒரு முறை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஒரு முறை சிரித்தாள். மறுபடி தட்டச்சு செய்தாள்.

வெளியே வந்தவளைப் பட்டதாரி கையைப் பிடித்து நிறுத்தினாள். "என்ன சொன்னாங்க?"

"சொல்லக் கூடாது."

"ஏய்!"

"எனக்கு எண்தான் தெரியும், ஆள் தெரியாது." ரேடியோ கையை விடுவித்துக்கொண்டாள். "நிறைய சொன்னாங்கடி. நீ வீட்டுக்குப் போய்க் கேளு."

பட்டதாரி வீட்டுக்குப் போனபோது அம்மா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். நெற்றி வீக்கம் வற்றி மஞ்சள் பூத்திருந்தது. எப்படி இருக்கு என்று கேட்க வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிக்கொண்டு, பட்டதாரி செருப்பைக்கூடக் கழற்றாமல் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"எத்தன தடவம்மா விழுந்த?"

"அதான் அந்தப் பொண்ணுகிட்டச் சொல்லிட்டேனே."

"எங்கிட்டச் சொல்லலியே."

"நீ கேக்கலியேடி, பட்டதாரி."

குரலில் கிண்டல் இல்லை, குற்றம் சொல்லலும் இல்லை. அம்மா சட்டைக் கையைத் தோள் வரைக்கும் சுருட்டினாள். முக்கோணக் காயத்துக்கு மேலே இன்னொரு முக்கோணம் இருந்தது, பழசு. அதற்கும் மேலே இன்னொன்று.